செத்துக் கிடக்க ஓர் ஆள்

அவருக்கு வெட்கம் என்ற ஒன்று கிடையாது என்று அவருடைய மனைவியே சொல்லுவார். கோபத்தில் அல்ல. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டே, புருசனின் உயரத்தையோ நிறத்தையோ சொல்வதுபோலச் சொல்லுவார். "உந்த மனுசனைப் படைக்கேக்கை கடவுள் அந்த ஒரு சாமானை வைக்க மறந்துபோனார்." அவரும் பக்கத்தில் இருந்து ஓம் என்று தலையாட்டுவார். இடுப்பில் சாரம், மேலில் ஒன்றும் இல்லை. வெம்பிளியில் ஜனவரிக் குளிரிலும் வீட்டுக்குள் அவர் சட்டை போட்டு நான் கண்டதில்லை. தபால்காரன் வந்தாலும் கவுன்சில் ஆள் வந்தாலும் அந்தக் கோலத்திலேயே போய்க் கதவைத் திறப்பார். வந்தவர்தான் கண்ணை வேறு பக்கம் திருப்புவார்.

அந்த வீட்டு மேல்மாடியில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருந்தோம். அம்மா மன்னார்க் கரையில் மீன் காயவைத்து வளர்ந்தவர். பள்ளிக்கூடப் படியை மிதிக்காதவர். லண்டனில் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்து என்னைப் படிக்க வைத்தார். எங்கள் ஆட்களில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான், போய்ச் சரித்திரம் படித்தேன். ஞாயிற்றுப் பூசைக்கு வருகிறவர்கள் மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டால் அம்மா கணக்கு என்று சொல்லிவிடுவார். பக்கத்தில் நிற்கிற எனக்கு அதைக் கேட்கவும் வெட்கம், திருத்தவும் வெட்கம். அந்த நாட்களில் எனக்கு எல்லாமே அப்படித்தான். என் இங்கிலிஷ், அம்மாவின் இங்கிலிஷ், கம்பளி ஜம்பரில் ஏறிவிடுகிற சமையல் மணம், எல்லாவற்றையும் ஒளித்துக்கொண்டுதான் வெளியே போவேன்.

அவரோடு போனால் ஒன்றையும் ஒளிக்க முடியாது.

பார்னெட்டில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் அவர் வேலை. சனி ஞாயிறில் எனக்கும் அங்கே ஷிப்ட் வாங்கித் தந்திருந்தார். அவருடைய கார் பாதி நாள் கராஜில் கிடக்கும், ஆகவே பஸ் மாறி பஸ். மேல்தட்டின் முன் சீற்றில் அமர்ந்து, புட்டும் முதல்நாள் மீன்குழம்பும் கலந்த பார்சலை மடியில் பிரிப்பார். கையால்தான் சாப்பிடுவார். பஸ் முழுக்க மணக்கும். நான் பின்னால் தள்ளிப்போய், தெரியாத ஆள்போலப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன். அவர் திரும்பிப் பார்த்து, "தம்பி, கொம்மா இண்டைக்கு என்ன காய்ச்சினவ?" என்று முன்னாலிருந்தே கேட்பார். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மணத்தைப் பற்றி முணுமுணுத்தார். இவர் கோபிக்கவில்லை. அது என்ன மீன், எந்தக் கடையில் வாங்கினது, புளி எவ்வளவு விடவேண்டும் என்றெல்லாம் அவருக்கு விளங்கப்படுத்தினார். பிறகு, நீங்கள் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். கிழவர் டோஸ்ட் என்றார். இவர் என் பக்கம் திரும்பி, "பாவம் தம்பி" என்றார் தமிழில்.

கடையிலும் அப்படித்தான். பெற்றோலுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போக மறந்து நின்ற ஒரு பெண்ணிடம், ஏன் உனது கண் சிவந்திருக்கிறது என்று நேராகக் கேட்டார். நான் பால் பெட்டிகளை அடுக்குவதுபோலக் குளிரறைக்குள் போய் நின்றுகொண்டேன். வெளியே வந்தபோது அந்தப் பெண் கவுண்டரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். தாய் அன்று காலையில்தான் செத்திருந்தாளாம். பின்னால் வரிசையில் நின்றவர்களை இவர் கையைக் காட்டி அமர்த்தி வைத்திருந்தார், ஒரு பொலிஸ்காரனைப்போல.

என் பட்டமளிப்புக்கு வந்து, என் பேராசிரியரின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "இவனுக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுங்கோ, சரித்திரத்தைப் படிச்சுப்போட்டான்" என்று இங்கிலிஷில் கேட்டதும் அவர்தான். ஏதோ வருத்தம் பிடித்துவிட்டது, மருந்து சொல்லுங்கள் என்பதுபோல.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஆட்களில் யாராவது செத்தால், பிரேதத்துக்கு உடுப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் வெளியே நின்று அழுவார்கள். தகப்பனின் உடம்பைத் தொடப் பயம், பார்க்க வெட்கம். இவர் உள்ளே போய் ஈரத்துணியால் துடைத்து, வேட்டி கட்டி, சட்டையை முதுகுப்பக்கம் நீளத்துக்கு வெட்டி இரண்டு கையிலும் ஏற்றி, முன்னால் பொத்தானைப் பூட்டிவிட்டு வருவார். இதையெல்லாம் பஸ்ஸில் வைத்துத்தான் எனக்குச் சொல்லுவார், எல்லாரும் கேட்க. "செத்தாக்களுக்கு வெக்கமில்லைத் தம்பி. அது உயிரோடை இருக்கிறாக்களின்ரை வருத்தம்."

அவருக்கு ஓர் அண்ணர் இருந்தார். அப்டன் பார்க்கில் வீடு. பெரியவர் என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள். நான் அந்த வீட்டில் குடியிருந்த முதல் வருசங்களில் பெரியவர் அந்த வாசலுக்கு வந்ததில்லை. இவரும் அங்கே போனதில்லை. காரணம் சூரன்போர்.

நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன், எனக்கு அது அவர் சொல்லித்தான் தெரியும். கந்தசட்டி முடிகிற நாளில் முருகன் சூரனோடு போர் செய்வார். கோயில் வீதியில் முருகனை ஒரு பகுதியார் தோளில் சுமந்து நிற்க, எதிரே மற்றப் பகுதியார் சூரனைத் தூக்கி ஆட்டுவார்கள். சூரன் தலையை மாற்றி மாற்றி வருவான். கடைசியில் மரமாகி, மயிலும் சேவலுமாகி, முருகனோடேயே போய்ச் சேர்ந்துகொள்வான். ஊரிலும் சரி, பிறகு லண்டனில் கோயிலின் கார் தரிப்பிடத்திலும் சரி, முருகனின் முன்தோள் பெரியவர், சூரனின் முன்தோள் இவர். அண்ணனும் தம்பியும் முகத்துக்கு முகம் பார்த்து நின்றுதான் போர் நடக்கும்.

ஒரு வருசம் வாக்கிய பஞ்சாங்கம் சூரன்போருக்கு ஒரு நாளையும் திருக்கணிதம் அடுத்த நாளையும் சொல்லிவிட்டன. நிர்வாகக் கூட்டத்தில் பெரியவர் வாக்கியம் என்றார். இவர் திருக்கணிதம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். இவர் சபை நடுவே எழும்பி, அண்ணருக்குக் கூட்டல் கழித்தலே தெரியாது, ஊரில் எட்டாம் வகுப்பில் பெயில் விட்டுத் தன்னுடைய வகுப்புக்கே வந்து இருந்தவர், தன்னுடைய கொப்பியைப் பார்த்துத்தான் பாஸ் பண்ணினவர் என்று சொல்லிவிட்டார். சபை சிரித்தது. பெரியவர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அரைவாசிக் கோயிலும் அவருக்குப் பின்னால் போனது. ஒரு பழைய கிடங்கை வாடகைக்கு எடுத்து அங்கே இன்னொரு கோயில் வைத்தார்கள். வேல் அந்தப் பக்கம் போனது, சூரனின் தலைகள் இவருடைய கராஜில் தங்கின. அந்த வருசம் லண்டனில் சூரன் அடுத்தடுத்த நாளில் இரண்டு தரம் செத்தான்.

"நான் பொய் சொன்னனானோ? நடந்ததைத்தானே சொன்னனான்," என்பார் இவர். தான் செய்தது என்ன என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கந்தசட்டிக்கும் சூரனைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் எதிரே நிற்கிற ஆளைப் பார்க்காமல் கேட் பக்கம் பார்ப்பதைக் காணலாம் என்று அக்கா சொன்னார். அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னிடம் ஒருநாள் இவரே சொன்னார், "அண்ணை ஒருக்கா, ஒரேயொருக்கா என்ரை வாசலிலை வந்து நிக்கட்டும் தம்பி. மிச்சத்தை நான் பாக்கிறன். காலிலை விழச் சொன்னாலும் விழுவன். எனக்கென்ன வெக்கமே?"

அவர் விழுவார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

பார்னெட்டில் ஐந்நூற்றைம்பது வருசத்துக்கு முன்னர், ஓர் ஈஸ்டர் ஞாயிறு விடியப்புறம், ஒரு பெரிய சண்டை நடந்தது. இங்கிலாந்தின் அரச குடும்பம் இரண்டாகப் பிரிந்து, வெள்ளை ரோசா சிவப்பு ரோசா என்று, மச்சானும் மச்சானும் ஆண்டுக்கணக்கில் வெட்டிக்கொண்டு திரிந்த காலம். அன்று விடிய மூடுபனி. சிவப்புப் பக்கத்தின் ஒரு பகுதியார் பனிக்குள் வழிமாறித் திரும்பிவர, அவர்களுடைய சொந்த ஆட்களே எதிரி என்று நினைத்து அம்பு விட்டார்கள். உடுப்பில் இருந்த நட்சத்திரம் பனிக்குள் எதிரியின் சூரியன்போலத் தெரிந்ததாம். துரோகம் என்று யாரோ கத்த, படை உடைந்து ஓடியது. ராசாக்களைச் சிங்காசனக் கதிரையில் ஏற்றவும் இறக்கவும் வல்லவர் என்று பெயரெடுத்த ஒரு பிரபுவும் அவருடைய தம்பியும் அன்று செத்தார்கள். அன்றையச் சண்டை அதோடு தீர்ந்தது. வென்ற ராசா இரண்டு உடம்பையும் லண்டனுக்குக் கொண்டுபோய், சென் போல்ஸ் தேவாலயத்தில், இடுப்பில் ஒரு துணியோடு சனம் பார்க்கக் கிடத்தினார். பிரபு தப்பிவிட்டார், எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்று பின்னர் ஒருவரும் சொல்லக்கூடாது என்பதற்காக.

கோடையில் அந்தச் சண்டையை அங்கே நடித்துக் காட்டுவார்கள். கடைத்தெரு நீளத்துக்குப் பழைய பிரபுக்களின் கொடிகள் தொங்கும். ஒலிபெருக்கியில் சண்டையை விளங்கப்படுத்துகிற வேலை எனக்குக் கிடைத்தது. நான் படித்த சரித்திரத்துக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான், சம்பளம் இல்லை. அந்த முறை ஏற்பாட்டுக்காரர்கள் புதிதாக சென் போல்ஸ் காட்சியையும் சேர்த்தார்கள். அதற்குச் செத்துக் கிடக்க ஆள் இல்லை. இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு சேற்றில் விழுந்து சாக எத்தனையோ பேர் ஆயத்தமாக இருந்தார்கள். சட்டையைக் கழற்றிவிட்டுச் சும்மா கிடக்க ஒருவரும் இல்லை. ஒருவருக்கு முதுகுப் பிடிப்பு. இன்னொருவர் தன் வயிற்றைத் தடவிச் சிரித்தார். ஐஸ் வாங்க வந்த இடத்தில், எங்கள் கவுண்டருக்கு முன்னால் நின்றுதான் இதைப் பேசிக்கொண்டார்கள்.

"எவ்வளவு நேரம் கிடக்கோணுமாம்?" என்று என்னிடம் கேட்டார் இவர். நான் கேட்காததுபோல இருந்தேன். அவர் நேரே அவர்களிடமே கேட்டார். செத்த பிறகு தேத்தண்ணீர் தருவார்களா என்றும் கேட்டார். தருவார்கள் என்றதும் சரி என்றார்.

பஸ்ஸில் வரும்போது அன்று பார்சலைப் பிரிக்கவில்லை. "தம்பிக்காரனும் அண்டைக்கே செத்தவனோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

"ரெண்டு பேரையும் பக்கத்திலை பக்கத்திலையோ வைச்சவை?"

"ஓம்."

வெம்பிளி வந்தது. இறங்கும்போது சொன்னார், "அப்ப நான் தம்பியாக் கிடக்கிறன். மற்றதுக்கு வேறை ஆளைப் பாக்கச் சொல்லு."

மற்றதுக்கு ஆள் கிடைக்கவேயில்லை. ஒரு வெள்ளைத் துணிக்கடியில் வைக்கோலைத் திணித்து, அண்ணன் என்று இவருக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

வெயிலும் காற்றுமான ஒரு நாள். நெஞ்சில் சிவப்பு மையால் வாள்வெட்டு வரைந்து, இடுப்பில் துணியோடு, தலைமாட்டில் மெழுகுதிரிகள் எரிய அவர் கிடந்தார். இங்கிலாந்துப் பிரபு கறுப்பாக இருந்தது பற்றி ஒரு கிழவி ஏதோ கேட்டபோது, கண்ணை மூடியபடியே, செத்தவர்கள் நிறம் மாறுவார்கள் என்று பதில் சொன்னார். சனம் வருவதற்கு முன்னர், மெழுகுதிரி ஏற்றிய பெண்ணிடம் தன் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்த படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். மூடிய கண், கூப்பிய கை, மெழுகுதிரி வெளிச்சம். "வடிவா வந்திருக்குத் தம்பி," என்றார். அப்படியே குடும்பத்தாருடைய வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினார். மூக்குக்கண்ணாடி பைக்குள் இருந்ததால் ஒரு சொல்லும் எழுதவில்லை. களத்தில் போன் கூடாது என்பது ஏற்பாட்டுக்காரர்களின் சட்டம், ஆகவே போனை நிறுத்திக் கூடாரத்தில் வைத்துவிட்டு வந்து படுத்தார்.

எங்கள் ஆட்களில் மரணச் செய்தி செத்தவரின் போனில் இருந்துதான் வரும். நம்பர் எல்லாம் அதற்குள்தானே கிடக்கிறது. மனைவியோ பிள்ளையோ அதை எடுத்து முதலில் படத்தைப் போடுவார்கள், விபரம் பிறகு வரும். இது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவருக்கும் ஓடவில்லை. பெரிய வெள்ளியன்று ஆண்டவரைச் சிலுவையில் இருந்து இறக்கிக் கிடத்தி, வரிசையில் போய் முத்தமிட்டு வளர்ந்தவன் நான். கிடக்கிறவரைப் பார்த்து எனக்கு ஒன்றும் அபசகுனமாகத் தோன்றவில்லை. அவருக்கோ செத்தவர்கள் என்றால் உடுப்பாட்ட வேண்டியவர்கள், அவ்வளவுதான்.

ஒலிபெருக்கியில் நான் கதையைச் சொன்னேன். சனம் வரிசையாக வந்து பார்த்தது. மூக்கில் ஈ வந்து குந்தியபோதும் அவர் அசையவில்லை.

பொழுது சாய முன்னர் வீட்டுக்கு வெளிக்கிட்டோம். இடுப்புத் துணிக்கு மேலே சாரத்தைச் சுற்றிக்கொண்டு, மை சட்டையில் பிரளும் என்று வெறும் மேலில் கோட்டை மட்டும் போட்டிருந்தார். சிப் உடைந்து மூட முடியாத கோட்டு. பஸ்ஸில் இரண்டு சின்னப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே வர, கோட்டை விலக்கி அவர்களுக்கு வெட்டுக்காயத்தைக் காட்டினார். சட்டை இருந்த பையைக் கூடாரத்திலேயே விட்டுவிட்டோம் என்பது வெம்பிளிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. போனும் அதற்குள்.

வாசலில் செருப்பும் சப்பாத்தும் குவிந்து கிடந்தன.

"ஆர் செத்தது?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எனக்கு மேல்மாடியில் இருக்கிற அம்மாவின் நினைவுதான் வந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஓடினேன். அம்மா படியில் நின்றார். எங்கள் இருவரையும் கண்டு சிலுவை அடையாளம் போட்டார். முன்னறைப் பக்கம் கையைக் காட்டினார். முன்னறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே ஆட்கள் இருக்கிற சத்தமும், அதற்கு மேலே ஒரு வயது போன மனிதர் அழுகிற சத்தமும் கேட்டன.

பின்னர் அக்கா சொல்லித் தெரிந்தது. குழுவில் வந்த படத்தைக் கண்டு, பெரியவருக்குக் கனடாவில் இருந்து யாரோ அழைத்துச் சொன்னார்களாம். அவர் அப்டன் பார்க்கில் இருந்து அப்படியே வெளிக்கிட்டு வந்து வாசலில் நின்று அழுதாராம். அக்கா அதுவரையில் போனையே பார்க்கவில்லை. கதவைத் திறந்து பெரியவரைக் கண்டதும் நம்பிவிட்டார். அந்த மனுசன் இந்த வாசலுக்கு வந்திட்டாரெண்டால் அது பொய்யாயிருக்க ஏலாது, என்றார்.

நாங்கள் செருப்புகளுக்கு நடுவே நின்றோம். உள்ளே பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார், யாருக்கு என்றில்லாமல். "அவன் சொன்னது சரி. நான் பெயில் விட்டனான்தான். அவன்ரை கொப்பியைப் பாத்துத்தான் எழுதினனான். மறைச்சு மறைச்சு எனக்குத் தெரியிறமாதிரிப் பிடிப்பான். அதைச் சொன்னதுக்கே நான் அவனை விட்டிட்டு இருந்தனான்?"

யாரோ பெரியவரை அமர்த்தினார்கள். அவர் அடங்கவில்லை.

நான் அவரைப் பார்த்தேன். அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். மை வியர்வையில் இளகி வயிறுவரை வடிந்திருந்தது. கோட்டின் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்தார். அது மூடி நிற்கவில்லை. "தம்பி," என்றார் மெல்ல, "சட்டை எங்கை?"

அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அதுதான் முதல்தரம். என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அந்த வாசல் நடையில், அத்தனை பேருடைய செருப்புக்கு நடுவே, வெறும் மேலோடு நின்றேன். அவர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு என் சட்டையை மாட்டினார். அவருக்கு அது சின்னன். பொத்தான் துளைக்குக் கிட்ட வரவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அக்கா வெளியே வந்தார். வந்தவர் அப்படியே செருப்புகளுக்கு மேலே குந்திவிட்டார். உள்ளே சத்தம் நின்றது. கதவு முழுதாகத் திறந்தது. பெரியவர் வந்து நின்றார்.

முகத்துக்கு முகம். எனக்குச் சூரன்போர் நினைவுக்கு வந்தது, நான் ஒருநாளும் பார்க்காத போர்.

"அண்ணை," என்றார் இவர்.

பெரியவர் தலையில் இருந்து கால்வரை பார்த்தார். மை, சின்னச் சட்டை, இடுப்புத் துணிக்கு மேலே அவசரமாகக் கட்டிய சாரம். பிறகு செருப்புகளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். இவர் எங்கே நின்றிருக்கிறார், எவ்வளவு தூரம் கேட்டிருக்கும் என்று அளப்பதுபோல.

"எப்ப வந்தனீ?"

"இப்பத்தான் அண்ணை. இப்பத்தான் வந்து காலடி வைச்சனான்."

அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பழக்கமில்லாதவர் சொன்ன பொய், நிற்கவில்லை. பெரியவர் குனிந்து தன் சப்பாத்தைத் தேடினார். அத்தனை சோடிக்குள் அவருக்கு அது கிடைக்கவில்லை. ஒன்று கிடைத்தது, மற்றது கிடைக்கவில்லை. உள்ளேயிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேளை பார்த்து, அம்மாவோடு பூசைக்கு வருகிற ஓர் அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, நீர் கணக்கெல்லோ படிச்சனீர்?" என்றார்.

மற்றச் சப்பாத்து இவருடைய காலடியில்தான் கிடந்தது. குனிந்து எடுத்துக் கொடுக்கலாம். குனிவதற்கு ஒரு கையையாவது நெஞ்சில் இருந்து எடுக்க வேண்டும். அவர் எடுக்கவில்லை. காலால் மெல்லத் தள்ளிவிட்டார். பெரியவர் அதைப் போட்டுக்கொண்டு, லேஸ் கயிற்றைக் கட்டாமலே வெளியே போனார். காலிலை விழுவன் என்று சொன்ன மனிதர், வெறும் மேலோடு றோட்டு முழுக்க ஓடிப்போய்ப் பிடித்திருக்கக்கூடிய மனிதர், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே நின்றார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள்ளும் சட்டை போட்டார். பஸ்ஸில் சாப்பிடுவதை விட்டார். கவுண்டரில் காசை வாங்கி மிச்சத்தைக் கொடுப்பார், அவ்வளவுதான், யாருடைய கண்ணும் சிவந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. நான் விரும்பியதுபோலவே ஒருவர் எனக்குப் பக்கத்தில் இருந்து அமைதியாகப் பயணம் செய்தார். அதைத் தாங்க முடியாமல் நானே சில நாள் அவரிடம் சத்தமாகப் பேசிப் பார்த்தேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, மெல்லப் பேசு தம்பி, ஆக்கள் பாக்கினம் என்பார். பெரியவருக்கு ஒரு போன் எடுங்கள் என்று அக்கா எத்தனையோ தரம் சொன்னார். எடுத்து என்ன சொல்லுறது என்பதுதான் பதில். அங்கே பெரியவரும் அதையே சொல்லிக்கொண்டு இருந்தாராம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அக்கா பழைய பகிடியைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஒரு குளிர்காலத்தில் நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. இந்த முறையும் செய்தி அவருடைய போனில் இருந்துதான் போனது, அக்காவுக்காக நான்தான் அனுப்பினேன். படம் போடவில்லை. ஆகவே ஒருவரும் நம்பவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, உண்மையோ உண்மையோ என்று. பெரியவரிடம் இருந்து அழைப்பு வரவில்லை.

உடுப்பாட்ட ஆள் தேவைப்பட்டது. எல்லாருக்கும் உடுப்பாட்டினவருக்கு ஆட்ட ஒருவரும் இல்லை. அக்கா என்னைப் பார்த்தார். போனேன். பஸ்ஸில் கேட்டதை எல்லாம் நினைவுபடுத்தி, ஈரத்துணியால் துடைத்தேன், வேட்டியைக் கட்டினேன். சட்டையை எடுத்து முதுகுப்பக்கம் வெட்டத் தொடங்கியபோது பின்னால் கதவு திறந்தது. பெரியவர். தனிய வந்திருந்தார். கிட்ட வந்து தம்பியின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். கையைத் தொட்டுப் பார்த்தார், மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். ஒருவரும் பின்னர் வேறு கதை சொல்லக்கூடாது என்று பார்ப்பதுபோல.

நான் கத்தரிக்கோலும் கையுமாக நின்றேன்.

"கெதியா அந்தச் சட்டையைப் போட்டுவிடு தம்பி," என்றார். "அவன் வெக்கப்படுவான்."

ஒரு கையை நான் ஏற்றினேன், மற்றதை அவர் ஏற்றினார். பொத்தான்களைக் கீழேயிருந்து ஒவ்வொன்றாக அவரே பூட்டிக்கொண்டு வந்தார். மேலே கழுத்துப் பொத்தான் வரைக்கும்.